அடிக்கடி மருத்துவப் பயணம் செய்வோர் அறிய வேண்டியவை

எழுமலையிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மதுரைக்கு மாதந்தோறும், சிலர் வாரந்தோறும், சிகிச்சைக்காகச் சென்று வருகின்றனர். மருந்துச் செலவைக் காட்டிலும் பேருந்துக் கட்டணமும் வழிச்செலவும் இழந்த நாட்கூலியும் சில குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகின்றன. அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரையும், டயாலிசிஸ் முறையைத் தவறவிடுவோரையும் நாம் காண்கிறோம். இவ்வாறு மிச்சமாகும் தொகை, பின்னர் நேரும் அவசரச் சிகிச்சையில் பன்மடங்காகச் செலவாகிவிடும். ஆகவே, சிகிச்சையைக் குறைக்காமல் செலவை மட்டும் குறைக்கும் வழிகளை இங்கே தொகுத்துள்ளோம்.

தவிர்க்கக்கூடிய பயணங்கள்

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்போர் மாத்திரைக்காக மட்டுமே மதுரை வரை செல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் அம்மருந்துகள் வீட்டிற்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைகளை உள்ளூரிலோ உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலோ செய்துகொண்டு அறிக்கையுடன் வந்தால் ஒரு பயணம் மிச்சமாகும். இரண்டு துறை மருத்துவர்களைக் காண வேண்டியிருப்பின், இருவரையும் ஒரே நாளில் காண இயலுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பழைய சீட்டுகள், அறிக்கைகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அறிக்கை கையில் இல்லாததால் மீண்டும் செய்யப்படும் பரிசோதனைகள் பல.

கட்டணச் சலுகைகள்

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் செல்லும் ஒருவருக்கும் இது பொருந்தும். புறநகர்ப் பேருந்துகளுக்கு இச்சலுகை இல்லை என்பதால், ஏறும் முன் விசாரித்துக்கொள்வது நன்று.

மதுரை–போடிநாயக்கனூர் ரயில்கள் உசிலம்பட்டியில் நின்று செல்கின்றன. சென்னைக்குச் செல்வோருக்கும் 2023 ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாட்கள் விரைவு ரயில் உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணமும், உடன் செல்பவருக்கு 75 விழுக்காடும் தள்ளுபடி செய்யப்படுகின்றன. டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு. இதற்கு ரயில்வே வகுத்த படிவத்தில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று தேவை. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

வழியில் உடல்நலம்

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருவோர், சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வீட்டில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறக் கூடாது. பரிசோதனை முடிந்து உண்ணும் வேளையில் எடுத்துக்கொள்வதற்காக இரண்டையும் உடன் கொண்டு வாருங்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்துத் தேறவில்லையெனில் மீண்டும் உட்கொள்ள வேண்டும். ஆகவே, சிறு பொட்டலம் சர்க்கரை எப்போதும் பையில் இருக்கட்டும்.

இன்சுலினை வெயில் படும் சன்னலோரத்திலோ இருசக்கர வாகனப் பெட்டியிலோ வைத்தால் அதன் ஆற்றல் குன்றும். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்தாலும் உறைந்து கெடும். உறையிலிட்டு ஈரத்துணி சுற்றிக் கைப்பையில் வைப்பது போதுமானது.

கழிவறை வசதிக்கு அஞ்சிப் பெண்கள் பலர் பயண நாளில் தண்ணீரே அருந்துவதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இது வழிவகுக்கும். புறப்படும் முன்னும் இறங்கிய பின்னும் சிறுநீர் கழித்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் அதை நிறுத்திவிடாமல், பயண நாளில் எந்நேரம் உட்கொள்ளலாம் என்று எங்களிடம் கேளுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகள் தண்ணீர் அளவை மருத்துவர் கூறியபடியே கடைப்பிடிக்க வேண்டும். வழியோர இளநீர் மற்றவர்க்கு நல்ல பானமே. ஆனால் அதிலுள்ள பொட்டாசியம் இவர்களது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். தாகம் தோன்றினால் வாய் கொப்பளிக்கலாம். ஃபிஸ்டுலா உள்ள கையில் பை மாட்டுவதும், அக்கையால் பேருந்துக் கம்பியைப் பற்றித் தொங்குவதும் கூடாது. டயாலிசிஸ் முடிந்தவுடன் எழுந்து ஓடாமல், தலைசுற்றல் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள்.

பேருந்துக்குக் காத்திருக்கக் கூடாத வேளை

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் திடீரென மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் பயணக் கணக்குப் பார்த்தல் ஆகாது. 108ஐ அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. மதுரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்; இதயத் தசையோ நிமிடக் கணக்கில் அழிகிறது.

கட்டணம் கொடுக்க இயலாத நிலை வரும்போது, வராமல் இருந்துவிடாதீர்கள். அந்நிலையை எங்களிடம் கூறுங்கள். மருந்துக் கால அளவையும் அடுத்த வருகை நாளையும் அதற்கேற்ப வகுத்துத் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.