இளம் பருவத்தினரின் தற்கொலைத் தடுப்பு: பெற்றோர் கூட்டங்களை நடத்தும் முறை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். அவ்வாண்டு நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், தற்கொலை இறப்பு விகிதத்தை 2030-க்குள் 10 சதவிகிதம் குறைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. இதற்குப் பெற்றோரின் துணை இன்றியமையாதது. ஆயினும், இது பற்றிய கூட்டங்களுக்குப் பல பெற்றோர் வருவதில்லை.

வாராமைக்குக் காரணங்கள்

அக்கறையின்மையே காரணம் என்று முடிவு செய்தல் தவறு. பகலில் கூட்டம் வைத்தால் கூலி வேலை செய்வோர் ஒரு நாள் வருமானத்தை இழக்க நேரிடும். அழைப்பில் ‘தற்கொலை’ என்ற சொல்லைக் கண்டதும், தம் வீட்டில் ஏதோ நேர்ந்துவிட்டதாக அயலார் கருதுவர் என்று சிலர் கூசுவர். வழக்கு வருமோ என்ற பழைய அச்சமும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க இடமளித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இதனைப் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் நலம்.

அழைக்கும் முறை

தனிக் கூட்டம் கூட்டுவதைவிட, மதிப்பெண் அட்டை வழங்கும் நாளிலோ மகளிர் சுய உதவிக் குழு கூடும் மாலையிலோ இதனை இணைத்து நடத்துவது எளிது. ‘வளரும் பிள்ளையும் வீடும்’ என்பது போன்ற தலைப்பு யாரையும் கூசச் செய்யாது. கூட்டத்தில் பொருளை மறைக்காது பேசலாம். சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து அழைத்தல் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஆவர். அவர்கள் வீடு தேடிச் சென்று, தாயுடன் தந்தையையும் அழைப்பது அச்சிட்ட அறிவிப்பினும் பயன் தரும்.

கூட்டத்தில் செய்யத்தக்கவை

சொற்பொழிவு சுருக்கமாக இருத்தல் வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் சிறு குழுக்களாக அமர்ந்து பேசலாம். கற்பிக்க வேண்டியவை மூன்று:

1. அறிகுறிகள்: உறக்கத்திலும் உணவிலும் மாறுதல், எல்லோரிடமிருந்தும் ஒதுங்குதல், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், சாவைப் பற்றிப் பேசுதல்.

2. கேட்டல்: “சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று பரிவுடன் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம் தடையாதலின், பெற்றோர் இருவர் இருவராக அமர்ந்து இவ்வினாவைச் சொல்லிப் பழகுதல் வேண்டும். பிள்ளை பேசும்போது குறுக்கிட்டு அறிவுரை கூறலாகாது.

3. காத்தல்: பூச்சிகொல்லி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்தல், ஆபத்து நெருங்கியதாகத் தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாதிருத்தல், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ஐக் குறித்துக்கொள்ளுதல்.

இறந்த பிள்ளை எவரையும் பெயர் சுட்டிப் பேசுதலும், இறந்த விதத்தை விவரித்தலும் தவிர்க்கத்தக்கன.

பயனை அளத்தல்

வருகைப் பதிவேட்டின் கையொப்பங்கள் மட்டும் பயனைக் காட்டா. எத்தனை வீடுகளில் மருந்து பூட்டப்பட்டது, எத்தனை பேர் பிள்ளையிடம் பேசினர் என்பதை ஒரு மாதத்திற்குள் விசாரித்து அறிதல் வேண்டும். வாராதோர் வீடுகளுக்கு அவ்வாரமே செல்லுதல் நன்று.

கூட்டம் முடிந்ததும் பணியாளர் உடனே புறப்படலாகாது. எல்லோரும் சென்றபின் தயங்கி நிற்கும் ஒரு தாயோ தந்தையோ இருக்கக்கூடும். அவர் சொல்வதைத் தனியே கேட்டு, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவதற்கான ஏற்பாட்டை முன்னரே செய்து வைத்திருத்தல் பணியாளரின் கடமையாகும்.