திறந்தவெளி நிகழ்பட விளையாட்டில் கண்டறிதல்: உய்த்துணர வைப்பு நோக்கு

நிண்டெண்டோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் நிகழ்பட விளையாட்டில் கண்டறிதல் நிகழும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் இறுதியான உய்த்துணர வைப்பு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

மலையுச்சியில் தனித்துக் கிடக்கும் கல்லை ஆடுநர் ஐயுற்றுத் தூக்கினால், கொரோக் என்னும் சிறு வன உயிர் வெளிப்பட்டு ஒரு விதையை அளிக்கிறது. இத்தகைய மறைவிடங்கள் 900 உள்ளன; வரைபடம் அவற்றை முன்கூட்டிச் சுட்டுவதில்லை. மலைகளும் தமக்குப் பின்னுள்ளவற்றை மறைத்து, ஏறுவதா சுற்றிச் செல்வதா என்னும் தெரிவை ஆடுநரிடமே விடுகின்றன. பெறும் விதை சிறிது. தானே உய்த்துணர்ந்தமையே நினைவில் நிலைக்கிறது.

சுட்டப்பட்ட இடம் சென்றடையப்படுகிறது. சுட்டப்படாத இடமே கண்டறியப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.