பவரைத் தரையில் இறக்கத் தெரிந்தால் வேலை உங்களுக்கு

அமெரிக்காவில் பழைய மசில் கார்களைப் புதுப்பிக்கும் ரெஸ்டோரேஷன் ஷாப்களில் வேலை தேடுகிறீர்களா? வெல்டிங், பெயின்டிங் தெரிந்தால் மட்டும் போதாது. ஐம்பது வருடப் பழைய பாடியில் 500 ஹெச்பி இன்ஜினை ஏற்றியபின், அந்தப் பவரை டயர் வழியாகத் தரைக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்தான் சம்பளத்தைப் பேசி வாங்க முடியும். அதற்கு ரியர் சஸ்பென்ஷனைப் படியுங்கள்.

1. கேட்லாக்கைத் திறக்கும் முன் கேள்வி கேளுங்கள். "1968 கமாரோ, பின்சக்கரம் துள்ளுகிறது, என்ன போடுவீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால், உங்கள் போட்டியாளர் சட்டென்று "ஃபோர்-லிங்க்" (ஆக்ஸிலை நான்கு ஆர்ம்களால் பிடிக்கும் அமைப்பு) என்பார். நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: டிராக் ஸ்ட்ரிப்புக்கா, வளைவுள்ள ரோடுக்கா? டயர் எவ்வளவு அகலம்? பட்ஜெட் என்ன?

2. டயர் தடத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடு ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் ஓபன் டிஃபரன்ஷியல். முதலில் லிமிடெட் ஸ்லிப் போடச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் விடாமல் ஓடினால் டயருக்குப் பிடி போதவில்லை. திட்டுத் திட்டாக விட்டுவிட்டு இருந்தால் வீல் ஹாப், அதாவது சக்கரத் துள்ளல். பக்கவாட்டிலிருந்து மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துக் கஸ்டமரிடம் காட்டுங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது.

3. வீல் ஹாப்பின் காரணத்தை ஒரே நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்ஸில் ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். டிஃபரன்ஷியலின் முன்பக்கமான பினியன் மூக்கு மேலே எழும்பும், லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் வளையும். டயர் பிடி விட்டதும் ஸ்பிரிங் நிமிரும், பிடித்ததும் மறுபடி வளையும். இந்தத் துள்ளல் யூ-ஜாயின்ட்டையே உடைத்துவிடும். 1967 கமாரோவில் பக்கத்துக்கு ஒரே லீஃப். அடுத்த வருடமே ஜிஎம் பின் ஷாக்குகளில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னுமாக மாற்றியது. கிரைஸ்லர் லீஃபின் முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் வைத்துச் சமாளித்தது. இதையெல்லாம் தெரிந்து பேசுபவரை எந்த ஓனரும் கவனிப்பார்.

4. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். நைந்த ரப்பர் புஷிங்கை மாற்றுவது முதல் வேலை. லீஃப் காருக்குக் கால்ட்ராக்ஸ் போன்ற போல்ட்-ஆன் பார் பல சமயம் போதும். 1964–72 ஷெவெல்லில் காயில் ஸ்பிரிங்கும் நான்கு ஆர்ம்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பாக்ஸ் செய்த லோயர் ஆர்ம் போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். லேடர் பார் நேர்கோட்டுக்கு மட்டும், வளைவில் இறுகிக்கொள்ளும். அட்ஜஸ்டபிள் ஃபோர்-லிங்க் திறமையானது. ஆனால் ஃப்ளோரை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டிவரும், செட்டிங் தெரியாதவர் கையில் அது வீண்செலவு. ரோடும் வளைவும் முக்கியம் என்றால் என் தேர்வு டார்க் ஆர்ம் (ஆக்ஸிலிலிருந்து முன்னோக்கி நீளும் ஒற்றை ஆர்ம்). 1982 கமாரோவில் ஜிஎம்மே அதைத்தான் போட்டது.

5. ரிசல்ட்டை எழுதி வையுங்கள். டிராக் ஸ்ட்ரிப்பில் முதல் 60 அடியைக் கடக்கும் நேரம், வேலைக்கு முன்னும் பின்னும். ரெஸ்யூமேயில் பத்து சர்டிஃபிகேட்டைவிட அந்த இரண்டு எண்கள் அதிகம் பேசும்.

இன்றே ஒரு டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வாங்குங்கள். கிடைக்கிற லீஃப் ஸ்பிரிங் காரின் அடியில் படுத்து, பினியன் ஆங்கிளை, அதாவது பினியன் மூக்கு நிற்கும் கோணத்தை, அளந்து பழகுங்கள்.