மாவலி காட்டும் அறிவியல்

கார்த்திகைத் திருநாளன்று சிற்றூர்களில் சிறுவர் சுற்றி மகிழும் மாவலி, கடைப்பொருளன்று. தந்தையோ தாத்தாவோ வீட்டிலேயே செய்து தருவது.

உலர்ந்த ஆண்பனைப் பூக்களைக் குழியிலிட்டு எரிப்பர். நன்கு கனன்றதும் மண்ணால் மூடுவர். காற்றுப் புகாமையால் அவை சாம்பலாகாது கரியாகின்றன. அக்கரியை நுண்பொடியாக்கிப் பழந்துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையில் வைத்துக் கட்டிக் கயிற்றில் பிணைப்பர்.

நெருப்பிட்டுச் சுற்றும்போது நிகழ்வது என்ன? சுற்றச் சுற்றப் புதுக்காற்று பாய்வதால் ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைக்கிறது. பொடி நுண்ணியதாதலின் காற்றுப்படும் பரப்பும் அதிகம். எனவே கரி விரைந்து கனல்கிறது. துணியினின்று விடுபடும் துகள்கள், நிலைமத்தின் காரணமாக வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கின்றன. அவையே நாம் காணும் பொற்பொறிகள்.

பட்டாசில் சேர்க்கப்பட்ட பேரியம் உப்புகளுக்கு உச்சநீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. மாவலிக்கோ கரியே போதும். ஆயினும் நெருப்பு நெருப்பே. கூரையும் வைக்கோற்போரும் இல்லாத வெட்டவெளியில், பெரியவர் முன்னிலையில் சுற்றுதல் வேண்டும்.

பள்ளி சென்றறியாத நம் பெரியோர் பலர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஏன் என்று சொல்ல நமக்குத் தெரியும். எப்படி என்று செய்ய அவர்களுக்கே தெரியும். பனைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்கின்றன. முதியோரும் குறைந்து வருகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், அவர்கள் அருகமர்ந்து ஒரு மாவலியேனும் கட்டக் கற்றுவருதல் நன்று.