வலிப்பு மருந்தும் எலும்பின் வலிமையும்

கால்-கை வலிப்புக்காக நெடுங்காலம் மாத்திரை உட்கொள்வோர் எங்களிடம் சொல்லும் குறைகள் பெரும்பாலும் உறக்கக் கலக்கம், மறதி, ஈறு தடித்தல் ஆகியவையே. எலும்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது ஓசையின்றி மெலிகிறது.

ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிடோன், ப்ரிமிடோன் ஆகிய பழைய மருந்துகள் கல்லீரலின் சில நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அந்நொதிகள் உடலிலுள்ள வைட்டமின் டியையும் விரைவாகச் சிதைக்கின்றன. வைட்டமின் டி குறைந்தால், உணவில் கால்சியம் இருந்தும் குடல் அதைச் சரிவர உறிஞ்சாது. இரத்தத்தில் கால்சியம் தாழும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து அதை எடுத்து ஈடுசெய்கின்றன. சேமிப்பைக் கரைத்து அன்றாடச் செலவைச் சமாளிக்கும் குடும்பத்தைப் போல. வால்ப்ரோயேட் அந்நொதிகளை முடுக்குவதில்லை. ஆயினும் அதை நெடுங்காலம் உட்கொள்வோரிடமும் எலும்பு அடர்த்தி குறைவது உண்டு. லெவெடிராசிட்டாம், லாமோட்ரிஜின் போன்ற புதிய மருந்துகளால் இத்தீங்கு குறைவு என்றே கருதப்படுகிறது.

மருந்தை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. வலிப்பு வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் பல குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. வெயிலும் இல்லை, நடையும் இல்லை. எலும்புக்கு இவ்விரண்டும் வேண்டும். துணைக்கு ஒருவருடன் நாள்தோறும் வெளியே நடந்துவரச் செய்வது அன்பான காவலுக்கு மாறானது அன்று.

இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, படியேறத் தளர்ச்சி ஆகியவற்றை வயதின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். வலிப்புக்குப் பின் முதுகுவலி நீடித்தாலும் தெரிவியுங்கள். கீழே விழாமலேயே, தசைகள் இறுகும் விசையால் மட்டும் முதுகெலும்பு முறிவதுண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள், நடமாட இயலாத குழந்தைகள், ஸ்டீராய்டும் உட்கொள்வோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. வைட்டமின் டி அளவை இரத்தப் பரிசோதனையாலும், எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனாலும் அறியலாம்.

இதைப் படித்துவிட்டு ஒருவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு தொடர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருந்தை மாற்றுவதா, அதே மருந்துடன் வைட்டமின் டி சேர்ப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பல வேளைகளில் இரண்டாவதே போதுமானதாகிறது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும் உள்ளன. ஃபெனிட்டாயின் உட்கொள்வோர் கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. கால்சியம் ஃபெனிட்டாயின் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியும் குளிகையும் நாள்தோறும் உண்பதற்கானவை அல்ல. வாரத்துக்கு ஒன்று என எழுதித் தந்ததைத் தினமும் உட்கொண்டால், இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயர்ந்து சிறுநீரகம் பழுதடையும்.