அலர்ஜி மாத்திரையை ஜூஸோடு விழுங்காதீர்கள்!

அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், தோலில் தடிப்பு என்று போனால் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று ஃபெக்ஸோஃபெனடின். இது மூளைக்குள் அநேகமாக நுழைவதில்லை. அதனால் பழைய அலர்ஜி மாத்திரைகளைப் போலத் தூக்கம் அசத்தாது.

ஆனால், வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ்கள், குடலில் இந்த மருந்தை உள்ளே ஏற்றும் புரதத்தை முடக்கிவிடும். ரத்தத்தில் சேரும் மருந்து வெகுவாகக் குறையும். ‘மாத்திரை கேட்கவே இல்லை’ என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப் குடித்தால், இரண்டுக்கும் இடையே 2 மணி நேரம் விடுங்கள்.

பெரியவர்களுக்கு மூக்கு அலர்ஜிக்கு வழக்கமாக 120 மி.கி., நாள்பட்ட தோல் தடிப்புக்கு 180 மி.கி.; நாளுக்கு ஒரு முறை. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மூக்கடைப்புக்கு இது பெரிதாக உதவாது. தோலில் அலர்ஜி பரிசோதனை செய்யப்போகிறீர்களா? சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.