முதுகுத் தசையால் மார்பகச் சீரமைப்பு

மலேசியப் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். மார்பில் கட்டி இருப்பதை உணர்ந்தும், "மார்பையே எடுத்துவிடுவார்கள்" என்றஞ்சி மருத்துவரிடம் செல்லத் தயங்கும் சகோதரிகள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் இருக்கக்கூடும். அகற்றிய மார்பகத்தை அவரவர் முதுகுத் தசையைக் கொண்டே மீண்டும் அமைக்க இயலும் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

நாற்று மேடையில் ஒட்டுக் கட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே மொட்டைப் பட்டையோடு முற்றிலும் பெயர்த்து வேறு கன்றில் வைத்துக் கட்டுவர். இச்சிகிச்சை அவ்வாறன்று. முதுகின் அகன்ற தசையைத் தோலோடும் கொழுப்போடும் பெயர்த்தாலும், அக்குளிலிருந்து அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாயை அறுப்பதில்லை. அதையே காம்பாகக் கொண்டு, தசையைத் தோலுக்கு அடியாக முன்புறம் திருப்பிப் பொருத்துகின்றனர். இரத்த ஓட்டம் தொடர்வதால் தசை உயிரோடிருக்கிறது. பூனாவில் வெட்டுண்ட மூக்கொன்றை நெற்றித் தோலால் அமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது; அங்கும் இந்தக் காம்பு நுட்பமே பயன்பட்டது. முதுகுத் தசை முறையை இத்தாலிய மருத்துவர் இஜினியோ டான்சினி 1906இல் வெளியிட்டார். நெடுங்காலம் மறக்கப்பட்ட அது, 1970களில் மீண்டும் வழக்கிற்கு வந்தது.

சதை போதாதவர்களுக்கு உள்ளே சிலிக்கோன் பையும் வைப்பதுண்டு. புதிய மார்பில் பால் சுரக்காது. உணர்ச்சியும் முன்போல் இராது.

மரம் வெட்டும் பெண்கள் கருத வேண்டியது மற்றொன்று உண்டு. உயர்த்திய கையைக் கீழும் பின்னும் இழுப்பது இத்தசையே. அது இடம் மாறியபின் தோளின் மற்றத் தசைகள் அவ்வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் பலமாக இழுக்கும்போதும் தலைக்குமேல் கையோங்கும்போதும் சிலருக்கு வலுக்குறைவு தெரியும். முதுகில் நீர் கட்டுவதும் உண்டு. அதை ஊசியால் எடுத்துவிடுவர். தோள் பயிற்சியைக் கைவிடலாகாது. ஆகவே, எந்தக் கையால் கத்தி பிடிக்கிறோம், எவ்வளவு பால் சுமக்கிறோம் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். வயிற்றுச் சதையைக் கொண்டு அமைக்கும் முறையும் இருக்கிறது. எதுவும் வேண்டாமென இருந்துவிடுவதும் குறையன்று என்பதே நம் கருத்து.

இச்சீரமைப்பு புற்றுநோயைத் தீர்ப்பதில்லை. மார்பகத்தை அகற்றும் அன்றே செய்யலாம். சில ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். எனவே இதை முடிவு செய்வதற்காக நோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கட்டி தென்பட்டவர்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு முதலில் செல்லலாம். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் பெறலாம்.